அடிக்கல்லுக்குள் ஹைன்ரிக்

வெல்வெட் பெட்டியைத் திறந்தபோது உள்ளே இருபத்திரண்டாம் ஹைன்ரிக்கைக் காணோம். அவர் இருக்க வேண்டிய இடத்தில் பிராண்டன்பர்க் வாசல் இருந்தது.

லோதார் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு பார்த்தார். வாசல் அங்கேயேதான் நின்றது. மஞ்சள் நிறம், வட்ட வடிவம், மேலே தெளிவான பிளாஸ்டிக் சிமிழ், எல்லாம் சரி. எண்கூட இருபதுதான். ஆனால் இருபது மார்க் தங்கக் காசு இல்லை; நேற்று ரொட்டிக் கடையில் மிச்சம் வாங்கிய இருபது செண்ட்.

சமையலறை நாற்காலியில் உட்கார்ந்தார். தங்கக் காசு எங்கே போயிருக்கும் என்று அவர் தேட வேண்டியிருக்கவில்லை. அது எங்கே இருக்கிறது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். மேயர், தீயணைப்புப் படை, ஊதுகுழல் கோஷ்டி, உள்ளூர்ப் பத்திரிகைக்காரர் எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அரை மணி நேரத்துக்கு முன்னால் அவரே தன் கையால் அதைப் புதிய தீயணைப்பு நிலையத்தின் அடிக்கல்லுக்குள் வைத்துவிட்டு வந்திருந்தார். வைத்ததோடு நில்லாமல், மரியாதைக்காகச் சுத்தியலைக் கையில் கொடுத்தபோது, "இது நூறு வருஷம் அசையாம நிக்கட்டும்" என்று சொல்லி ஓங்கி ஒரு தட்டும் தட்டியிருந்தார்.

எங்கள் பக்கத்தில் ஒரு காலத்தில் ராய்ஸ் என்று ஒரு சமஸ்தானம் இருந்தது. காலையில் நடக்க ஆரம்பித்தால் மத்தியானச் சாப்பாட்டுக்கு அடுத்த நாட்டுக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம். அந்த வம்சத்தில் பிறந்த ஆண்பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஹைன்ரிக் என்றே பெயர் வைத்தார்கள். குழம்பாமல் இருக்க எண் கொடுத்தார்கள். கைசர் என்ற பேரரசர் ஆண்ட காலத்தில் ஜெர்மனியின் பெரிய ராஜாக்கள் தங்கள் முகம் போட்ட தங்கக் காசுகளை மூட்டை மூட்டையாக அடித்துத் தள்ளினார்கள். எங்கள் இருபத்திரண்டாம் ஹைன்ரிக்கும் அடித்தார்; ஆனால் அவர் நாட்டின் அளவுக்கு ஏற்றபடி அடித்தார். அதனால்தான் பெரிய ராஜாக்களின் காசைக் காட்டினால் கொட்டாவி விடும் சேகரிப்பாளர்கள், ஹைன்ரிக்கைக் காட்டினால் தொப்பியைக் கழற்றுவார்கள்.

அந்தக் காசு லோதாருடையதாக இருந்திருந்தால்கூட மனதைத் தேற்றிக்கொண்டிருப்பார். அது அவர் மனைவி ரோஸ்விதாவுடையது. அவள் குடும்பத்தில் நான்கு தலைமுறையாக மணப்பெண்ணின் இடது ஷூவுக்குள் அந்தக் காசை வைத்துத்தான் கல்யாணத்துக்கு அனுப்புவார்கள். அன்றைக்குப் புதன்கிழமை. சனிக்கிழமை அவர்களுடைய ஒரே மகள் ஆன்கேவுக்குக் கல்யாணம். அன்றோடு காசும் ஆன்கேவுடையதாகிவிடும்.

காசு ரோஸ்விதாவின் அப்பாவிடமிருந்து வந்தது. கிழக்கு ஜெர்மனி அரசாங்கம் இருந்த காலமெல்லாம் அவர் அதைக் காட்டிக் கொடுக்காமல் காப்பாற்றி, ஒரு சிமிழில் வைத்து, மூடியைப் பசை போட்டு ஒட்டி, மகளிடம் கொடுத்துவிட்டுக் கண்ணை மூடினார். முப்பது வருடமாகக் காசு சேர்க்கிற லோதார் அந்தச் சிமிழை ஒரு தடவைகூடத் திறந்ததில்லை. காசை வெறுங்கையால் தொட்டாலே பாவம் என்கிற ஜாதி அவர். மாமனார் ஒட்டிய மூடியை உடைப்பதைவிடத் தன் விரலை உடைத்துக்கொள்வார். வருடா வருடம் கிறிஸ்துமஸ் அன்று சிமிழோடு கையில் வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்துவிட்டு, பெருமூச்சு விட்டுத் திருப்பிக் கொடுத்துவிடுவார்.

ஊர்க் காசுச் சங்கத்தின் கண்காட்சியில் அதை வைக்க வேண்டும் என்று அவர் கெஞ்சாத வருடம் இல்லை. அவள் சம்மதித்ததே இல்லை. இந்த வருடம் கேட்டபோது இஸ்திரியிலிருந்து தலையைத் தூக்காமலே, "எடுத்துட்டுப் போயேன்" என்றாள். லோதாருக்குக் கண் கலங்கிவிட்டது. முப்பத்தைந்து வருடத் தாம்பத்தியத்தில் அப்படிப்பட்ட நம்பிக்கையை அவள் அவர்மேல் காட்டியதில்லை.

அடிக்கல் விழாவில் ஒரு செப்புக் குழாய்க்குள் அன்றைய செய்தித்தாள், கட்டட வரைபடம், அன்றைக்குப் புழங்குகிற காசுகள் ஆகியவற்றைப் போட்டுக் கல்லுக்குள் வைத்து மூடுவது வழக்கம். மற்ற ஊர்களில் யாராவது பையில் கைவிட்டுச் சில்லறையை அள்ளிப் போடுவார்கள். எங்கள் ஊரில் லோதார் இருந்தார். எட்டு காசுக்கும் எட்டுச் சிமிழ், எட்டுச் சிமிழுக்கும் பஞ்சு அட்டையில் அளவாக வெட்டிய எட்டுக் குழி என்று ஒரு வாரம் உட்கார்ந்து தயார் செய்தார். அன்று மழை. ஏழு சிமிழ்களை வைத்தாயிற்று; எட்டாவதாக இருபது செண்டை எடுத்தபோது சங்கத் தலைவர் க்வாஸ் குடைக்குள் நுழைந்து, கண்காட்சிக்குக் கிடைத்ததிலிருந்து லோதார் பையிலேயே வைத்துத் திரிந்த ஹைன்ரிக்கை ஒரு நிமிடம் காட்டும்படி கேட்டார். கேட்டால் காட்டாமல் இருக்க முடியுமா? வெள்ளைக் கையுறை மாட்டிய இடது கையில் இருபது செண்ட், வலது கையில் இருபது மார்க். இரண்டும் ஏறக்குறைய ஒரே அளவு. கண்ணாடியில் ஆவி. அந்த நேரம் பார்த்து மேயர் அவசரப்படுத்த, ஊதுகுழல்கள் முழங்க, ஒன்று குழாய்க்குள் போயிற்று, ஒன்று வெல்வெட் பெட்டிக்குள் போயிற்று.

வேலையில் இருந்த காலத்தில் ரயில்வே சிக்னல் அறையில் உட்கார்ந்து ஒரு ரயிலைக்கூடத் தப்பான தண்டவாளத்தில் விடாத மனிதர் அவர்.

முதலில் அவருக்குத் தோன்றிய வழி எளிதாகத்தான் இருந்தது. மேயருக்குப் போன் செய்தால் போதும். ஆனால் உண்மையைச் சொன்னால் மாலைக்குள் ஊர் முழுக்கத் தெரியும், ஊருக்கு முன்னால் ரோஸ்விதாவுக்குத் தெரியும். அதனால் ஒரே ஒரு சின்னப் பொய் சொன்னார்.

"மேயரம்மா, குழாயில வெச்ச காசுல ஒரு கோளாறு. அந்த இருபது செண்ட் சரியில்ல. கல்லத் திறந்து மாத்திடலாம்."

"சரியில்லன்னா?"

"கள்ளக்காசு."

மேயரம்மா பெட்ஸோல்ட் பதவிக்கு வருவதற்கு முன் வரி அலுவலகத்தில் இருந்தவர். விதிமுறை என்றால் அவருக்குச் சோறு தண்ணீர் வேண்டாம். கள்ளக்காசு என்று தெரிந்தபின் அதைக் கையால் தொடுவதே குற்றம் என்றும், போலீசுக்குத் தான் உடனே சொல்லிவிடுவதாகவும், லோதார் வீட்டைவிட்டு நகரக் கூடாது என்றும் சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

போலீஸ்காரர் வந்தார். மிதியடியில் பூட்ஸைத் தேய்த்து, காபி வேண்டாமென்று சொல்லி, எந்தக் கடையில் அந்த இருபது செண்டை வாங்கினார், வேறு எவ்வளவு வாங்கினார், வீட்டில் இன்னும் இருக்கிறதா என்று விசாரித்தார். ரொட்டிக் கடைக்காரியின் பெயரைச் சொல்ல வேண்டியதாயிற்று. நாற்பது வருடமாக ஊருக்கு ரொட்டி சுட்டுக் கொடுக்கிறவள். கடைசியில் போலீஸ்காரர், சாட்சிப் பொருள் கல்லுக்குள் இருப்பதால் திங்கட்கிழமை மேயர், போலீஸ், பத்திரிகை முன்னிலையில் கல்லைத் திறந்து எடுக்கப் போவதாகச் சொன்னார்.

திங்கட்கிழமை என்றால் கல்யாணம் முடிந்துபோன பிறகு. அதுவும் எல்லோர் முன்னாலும் இருபது செண்டுக்குப் பதில் தங்க ஹைன்ரிக் வெளியே வந்து கேமராவைப் பார்த்துச் சிரிப்பார்.

"நான்தான் தப்பா சொல்லிட்டேன். அது நல்ல காசுதான்" என்றார்.

போலீஸ்காரர் பேனாவை மூடினார். "ஐயா, நீங்கதான் சங்கத்துல கள்ளக்காசு கண்டுபிடிக்கற நிபுணர். இருபது செண்ட் நல்லதா கெட்டதான்னு உங்களுக்கே தெரியலைன்னா நாங்க யார்கிட்டப் போய்க் கேக்கறது?"

மழை விடுவதற்குள் இந்தக் கேள்வி ஊரைச் சுற்றி வந்துவிட்டது. ரொட்டிக் கடைக்காரி மறுநாள் லோதாருக்கு முந்தின நாள் ரொட்டியைக் கொடுத்து, அவர் நீட்டிய காசை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள்.

அதைவிடப் பெரிய கஷ்டம் கண்காட்சி. வியாழக்கிழமை மாலை திறப்பு. நடு மேஜையில், "இருபத்திரண்டாம் ஹைன்ரிக், இருபது மார்க், ஒரு குடும்பத்தின் பொக்கிஷம்" என்று க்வாஸ் அட்டை எழுதி வைத்துவிட்டார். லோதார் யோசித்து யோசித்துப் பெட்டியை மூடியபடியே மேஜையில் வைத்து, பாதுகாப்புக் காரணங்களுக்காக மூடி திறக்கப்படாது என்று பக்கத்தில் ஒரு சீட்டும் வைத்தார். பெட்டிக்குள் எடை இருக்கட்டும் என்று அந்த இருபது செண்டையே விட்டு வைத்தது அவருடைய புத்திசாலித்தனம்.

ராய்ஸ் காசைப் பார்ப்பதற்கென்றே பக்கத்து ஊர்களிலிருந்து நாலைந்து பெரிய மனிதர்கள் வந்திருந்தார்கள். மூடிய பெட்டியைச் சுற்றி மரியாதையாக நின்று பார்த்தார்கள். க்வாஸுக்குப் பொறுக்கவில்லை. விருந்தாளிகளுக்கு விதிவிலக்கு உண்டு என்று சொல்லி, லோதார் குறுக்கே பாயும்முன் மூடியைத் திறந்துவிட்டார்.

ஒரு பெரியவர் ஏற்கனவே தொப்பியைக் கழற்றியிருந்தார். அதை மறுபடி தலையில் வைத்துக்கொண்டார்.

சங்கத்தையும் சமஸ்தானத்தையும் லோதார் சேர்த்து அவமானப்படுத்திவிட்டார் என்று க்வாஸ் எல்லோர் முன்னாலும் சொன்னார். நிபுணர் பதவியிலிருந்து அவர் கொஞ்ச காலம் ஓய்வு எடுத்துக்கொள்வது நல்லது என்றும் சொன்னார். பெட்டியைச் சங்க அலமாரியில் பூட்டி வைத்தார். விளக்கம் கொடுத்தால்தான் திருப்பித் தருவாராம். லோதாரிடம் விளக்கம் இருந்தது, சொல்லத்தான் முடியவில்லை.

வீட்டுக்கு வந்தால் ரோஸ்விதா ஆன்கேவின் முக்காட்டுத் துணியில் முத்து தைத்துக்கொண்டிருந்தாள். கண்காட்சிக் கதை அவள் காதுக்கு வந்திருந்தது.

"காசு எங்க?"

"சங்கத்துப் பெட்டகத்துல பத்திரமா இருக்கு. கூட்டம் ஜாஸ்தி, யாராவது கை வெச்சுடுவாங்கன்னுதான் வேற காசைக் காட்டினேன்."

"சரி. நாளைக்கு ராத்திரி கொண்டாந்துடு. சனிக்கிழமை காலையில ஷூவுல வைக்கணும்."

அவ்வளவுதான். திட்டவில்லை, ஒரு கேள்வி கேட்கவில்லை, நூலைப் பல்லால் கடித்துவிட்டு அடுத்த முத்தை எடுத்தாள். அவள் இப்படி நிம்மதியாக இருக்க இருக்க லோதாருக்கு வியர்த்தது. இவ்வளவு நம்புகிறவளை இப்படி ஏமாற்றுகிறோமே என்று நிஜமாகவே வெட்கப்பட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் கட்டட வேலை நடக்கிற இடத்துக்குப் போனார். மேஸ்திரி ரோனி மணல் குவியலில் உட்கார்ந்து சாசேஜ் தின்றுகொண்டிருந்தான். அடிக்கல்லை மூடியவன் அவன்தான். தீயணைப்புப் படையிலும் இருந்தான். மாப்பிள்ளை ஸ்டெஃபனும் அதே படைதான். லோதார் அந்த வாரத்தில் முதல்முறையாக ஒரு மனிதனிடம் முழு உண்மையையும் சொன்னார். ரோனி மெல்லுவதை நிறுத்திவிட்டான்.

"ஆன்கேவோட காசா உள்ள இருக்கு?" என்று கேட்டான். "ஸ்டெஃபனுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா நான் உங்கிட்ட வருவனா?"

லோதாரே பேச்சை மாற்றிவிட்டதால் திங்கட்கிழமைத் திறப்பு ரத்தாகிவிட்டது என்றும், மறுநாள் காலை தரைக்குக் கான்கிரீட் கொட்டப் போகிறார்கள் என்றும், அதற்குப் பிறகு அந்தக் கல்லை ஆண்டவனே வந்தாலும் தொட முடியாது என்றும் ரோனி சொன்னான். லோதார் பணப்பையை எடுத்தார். ரோனி தலையை ஆட்டினான்.

"பணம் வாங்கினா லஞ்சம் ஆயிடும் ஐயா. ரோஸ்விதாம்மாவோட பிளம்ஸ் ஜாம் ஒரு பாட்டில் குடுங்க. அது அன்பளிப்பு. வேலை முடிஞ்சப்புறம் குடுத்தாப் போதும்."

அந்த ஜாமுக்கு எங்கள் ஊரில் ஒரு பெயர் உண்டு. செப்டம்பரில் ரோஸ்விதா சமையலறையைத் தாழ் போட்டுக்கொண்டு நாள் முழுக்கக் கிண்டுவாள். தார் மாதிரி கறுப்பாக, கரண்டியை நட்டால் நிற்கிற பதத்தில் வரும். வெளியாட்களுக்குக் கொடுக்கவே மாட்டாள். தாழ் போடுவது பக்குவ ரகசியத்துக்காக என்று லோதார் உட்பட எல்லோரும் நினைத்திருந்தார்கள்.

இனி பிரச்சினை ஒன்றுதான். கல்லை உளியால் உடைத்துத் திறந்தால் தெரு முழுக்கக் கேட்கும். வேலை நேரம் தாண்டி ஒரு ஆணி அடித்தாலே ஜன்னலைத் திறந்து கைக்கடிகாரத்தைக் காட்டுகிற ஊர் இது. அதற்கும் ரோனி வழி வைத்திருந்தான். அன்று மாலை லோதார் வீட்டு வாசலில் பொல்டராபெண்ட். கல்யாணத்துக்கு முந்தின மாலை ஊரே திரண்டு வந்து பெண் வீட்டு வாசலில் பழைய பீங்கானை உடைத்துத் தள்ளும். பொண்ணும் மாப்பிள்ளையும் சேர்ந்து பெருக்க வேண்டும். கட்டடம் வருகிற இடம் அதே தெருமுனை.

ஆறு மணிக்குக் கூட்டம் வந்தது. வாசலில் ஒரு சூப் பாத்திரம் உடைந்தது. தெருமுனையில் ரோனி ஒரு அடி அடித்தான். தட்டுகள் உடைந்தன; அவன் இரண்டு அடி அடித்தான். இடையில் உடைக்கிறவர்கள் பீர் குடிக்க நின்றுவிட்டார்கள். லோதார் தெருமுனையிலிருந்து ஓடிவந்து, ஒரு மாப்பிள்ளை வீட்டுச் சித்தியின் கையிலிருந்த பூப்போட்ட காபி ஜாடியைப் பிடுங்கிப் போட்டு உடைத்துவிட்டுத் திரும்ப ஓடினார். அதை அவள் உடைக்கக் கொண்டுவரவில்லை, பரிசாகக் கொண்டுவந்தாள் என்பது பிறகுதான் தெரிந்தது. கடைசியாகத் தீயணைப்புப் பையன்கள் ஒரு பழைய கழிப்பறைப் பீங்கானை நாலு பேராகத் தூக்கி வந்து போட்டார்கள். அந்தச் சத்தத்தில் கல்லின் மூடி விட்டுக்கொடுத்தது.

குழாயைத் திருகித் திறந்தார்கள். பஞ்சு அட்டையில் இருபது செண்டுக்கென்று வெட்டிய ஐந்தாவது குழியில் ஹைன்ரிக், ஒட்டிய சிமிழுக்குள், ஒன்றும் நடக்காததுபோல் இருந்தார். லோதார் சிமிழோடு அவரை முத்தமிட்டார். அழவும் செய்தார். ரோனி மரியாதைக்கு வேறு பக்கம் பார்த்தான்.

"ஐயா, இந்தக் குழி காலியா இருக்கே. எட்டுக் காசுன்னு பத்திரிகையில போட்டிருக்கான். மேயரம்மா காலையில கான்கிரீட்டுக்கு முன்னால திறந்து எண்ணினாலும் எண்ணும். இதுல எதை வைக்கறது?"

அந்த இருபது செண்ட் க்வாஸின் அலமாரியில் இருந்தது. லோதாருக்கு அப்போது அதெல்லாம் மண்டையில் ஏறவில்லை. "எப்படியாவது உன் கைக்கு வந்து சேரும். யார் கண்ணுலயும் படாம அனுப்பறேன், நீயும் வாய் திறக்காத" என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு ஓடினார்.

நேராக நிலவறைக்குப் போனார். முன்வரிசை ஜாம் பாட்டில்களை ரோஸ்விதா கண்ணாலேயே எண்ணிவிடுவாள். பின்னால், பூசணி ஊறுகாய் வரிசைக்கும் பின்னால், மூலையில் ஒரே ஒரு பாட்டில் தனியாக நின்றது. இதை அவள் மறந்தே போயிருப்பாள் என்று நினைத்து, அதை எடுத்துச் சட்டைக்குள் மறைத்துக்கொண்டு போய் ரோனியிடம் கொடுத்தார். பாட்டில் கை மாறியதோடு இருபது செண்டின் ஞாபகமும் போயிற்று. அந்த வாரத்தில் அன்றுதான் நிம்மதியாகத் தூங்கினார். குறட்டை விட்டார் என்று ரோஸ்விதா சொன்னாள்.

சனிக்கிழமை காலை ஆன்கே வெள்ளை உடையில் நாற்காலியில் உட்கார்ந்து இடது காலை நீட்டினாள். லோதார் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, ஒரு கைக்குட்டையில் வைத்து ஹைன்ரிக்கை நீட்டினார். ரோஸ்விதா வாங்கினாள். வாங்கி, மேஜைமேல் வைத்து, வால்நட் உடைக்கிற இடுக்கியை எடுத்து, சிமிழை நொறுக்கினாள்.

அவள் காசை வெறுங்கையால் எடுத்து, துணிக்கடைக்காரி சாம்பிள் பார்ப்பதுபோல் இரண்டு விரலால் தேய்த்து, ஷூவுக்குள் போட்டாள்.

"என்ன முழிக்கற? பித்தளைதானே."

"எது பித்தளை?"

"இதுதான். அரசாங்கத்து ஆளுங்க தங்கம் தேடி வந்தா எடுத்துக் குடுக்கறதுக்குன்னு, பல்லு கட்டற ஆளு ஒருத்தர்கிட்ட அப்பா செஞ்சு வெச்சது. மேல முலாம் பூசி. யாரும் தராசுல போட்டுடக் கூடாதுன்னுதான் பசை போட்டு ஒட்டினார்." அவள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்குத் தெரியும்னு நினைச்சேன். நீதானே நிபுணர்?"

லோதார் சுவரைப் பிடித்துக்கொண்டார். முப்பது கிறிஸ்துமஸ், முப்பது பெருமூச்சு. இதில் வேடிக்கை என்னவென்றால், புதன்கிழமை மேயரம்மாவிடம் அடிக்கல்லுக்குள் கள்ளக்காசு இருக்கிறது என்று சொன்னாரே, அது அச்சு அசலான உண்மை. அவர் நம்பிச் சொன்னவைதான் பொய்.

ஒரு மாதிரி மூச்சு திரும்பியதும், "அப்ப நிஜக் காசு?" என்று கேட்டார்.

"அதைப் போய் மழையில உன் சங்கத்துக்கு அனுப்புவனா? இல்ல, ஷூவுல போட்டு இவ டான்ஸ் ஆடித் தொலைக்கட்டும்னு குடுப்பனா? எங்கம்மா காலத்துலேருந்தே ஷூவுக்கு இதுதான். அந்தக் காலத்துல நிஜத்தை வெளியில காட்டவே முடியலை, இவளுக்காவது சாப்பாட்டு மேஜையில எல்லார் முன்னாலும் கையில குடுக்கணும். அது ஜாமுக்குள்ள இருக்கு."

"எந்த ஜாம்?"

"பூசணிக்குப் பின்னால மூலையில ஒத்தை பாட்டில் இருக்குமே, அதுல ஜாமுக்கு அடியில. சிமிழோடதான் போட்டிருக்கேன். ஜாமுக்குள்ள கையை விட்டுப் பாக்கற பொறுமை எந்த அதிகாரிக்கும் கிடையாதுன்னு அப்பா சொல்லுவார். வருஷா வருஷம் ஜாம் மாத்தறது எவ்வளவு வேலை தெரியுமா? இன்னியோட எனக்கு விடுதலை. போய் எடுத்துட்டு வா."

அம்மாவும் மகளும் சிரித்துக்கொண்டிருந்தார்கள். ஆன்கே எழுந்து வந்து அப்பாவைக் கட்டிக்கொண்டு, அவர் ஏன் இன்னும் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார் என்று கேட்டாள். தன்னைப் பிரிகிற துக்கம் என்று அவளே நினைத்துக்கொண்டு கண்ணீர் விட்டாள். லோதார் நிலவறைக்கு இறங்கினார். மூலையில் தூசிக்கு நடுவே ஒரு வட்டம் மட்டும் சுத்தமாக இருந்தது. அதையே பார்த்துக்கொண்டு நின்றார்.

பிறகு சாப்பாட்டு வேளையில் எடுத்துக்கொள்ளலாம், இப்போது நேரமாகிறது என்று மேலே சொல்லிவிட்டு வந்து காரில் ஏறினார். வழியெல்லாம் கணக்குப் போட்டார். ஒரு மனிதன், எவ்வளவுதான் மேஸ்திரியாக இருந்தாலும், ஒரே ராத்திரியில் ஒரு பாட்டில் பிளம்ஸ் ஜாமைத் தின்று தீர்க்க முடியாது. பாதிகூட முடியாது. காசு அடியில்தான் இருக்கும். ரோனியைப் பார்த்து, பாட்டிலைத் திருப்பி வாங்கி, முன்வரிசையிலிருந்து இரண்டு, மூன்று, ஏன், மொத்த வரிசையையும் கொடுத்துவிடலாம். சாப்பாட்டுக்குள் வீட்டுக்கு ஒரு நடை போய் வரலாம். நகராட்சிக் கட்டடம் வந்தபோது அவருக்குப் பாதி உயிர் திரும்பியிருந்தது.

கல்யாணப் பதிவு முடிந்து பொண்ணும் மாப்பிள்ளையும் வெளியே வந்தார்கள். தீயணைப்புப் படை சீருடையில் இரண்டு வரிசையாக நின்று தண்ணீர்க் குழாய்களைத் தூக்கி வளைவு பிடித்தது. வளைவுக்கு அந்தப்பக்கம், வழக்கப்படி புதுத் தம்பதி சேர்ந்து அறுக்க வேண்டிய மரக்கட்டையும் இருவர் இழுக்கிற ரம்பமும் தயாராக இருந்தன. ஆன்கே வெள்ளை உடையோடு ரம்பத்தின் ஒரு முனையைப் பிடித்தாள், ஸ்டெஃபன் மறுமுனையைப் பிடித்தான், ஊர் கைதட்டியது. மேயரம்மா முன்வரிசையில் நின்றார். ரோஸ்விதா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே லோதாரைப் பார்த்து, நிலவறைப் பாட்டில் ஞாபகம் இருக்கட்டும் என்று வாயசைத்தாள்.

லோதார் வரிசையின் பின்னால் புகுந்து ரோனியின் முழங்கையைப் பிடித்தார். ரோனி பளபளக்கும் பொத்தான்களோடு விறைப்பாக நின்றான். மீசையோரம் கறுப்பாகக் கொஞ்சம் ஜாம் ஒட்டியிருந்தது. லோதார் பாட்டிலைப் பற்றிக் கேட்க வாயைத் திறந்தார். அதற்குள் ரோனி கண்ணைச் சிமிட்டிவிட்டு, மேயரம்மா காதில் விழாதபடி குனிந்து சொன்னான்:

"கவலையே படாதீங்க ஐயா, யார் கண்ணுலயும் படாம அனுப்பறேன்னீங்க, அதுக்காக இருபது செண்டை ஜாமுக்கு அடியிலயா ஒளிச்சு அனுப்புவீங்க? காலையில தோழர்களோட வழிச்சுத் தின்னு முடிச்சதும் கையில தட்டுப்பட்டுச்சு, ஜாம் அப்பினது அப்பினபடியே அந்தக் காலிக் குழியில வெச்சு மூடிட்டேன், அதுக்கு மேல ரெண்டு லாரி கான்கிரீட்டும் கொட்டியாச்சு."